கிணறு என்று எழுதிக்கொடுங்கள்

என்னை விவசாயி என்று முதலில் ஒப்புக்கொண்டது கவர்மெண்ட்தான். அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், பங்காருப்பேட்டை பிளாக் ஆபீசிலிருந்து கன்னடத்தில் டைப் அடித்த கடிதம் ஒன்று கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்ற பேட்டையில் இருந்த எங்கள் கம்பெனி லைன் வீட்டுக்கு வந்தது. அதில் என் பெயருக்கு முன்னால் ‘ரைத மகிளெ’ என்று போட்டிருந்தார்கள். விவசாயப் பெண்ணாம். கேழ்வரகுப் பயிர் எது, பக்கத்தில் முளைத்த புல் எது என்று கேட்டால் அன்று எனக்குச் சொல்லத் தெரியாது. அப்பாவும் சுரங்கத்தில் வேலை செய்தவர், கணவரும் சுரங்கத்தில் வேலை செய்தார். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த நிலம் பூமிக்கு அடியில் இருந்தது. அதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனேன். வரிசையில் நின்ற பெண்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பூதிகோட்டைக்கு வெளியே நாங்கள் வாங்கியிருந்த இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தில் கிணறு வெட்ட அரசாங்கம் மானியம் தருகிறது. ஒரு பங்கு உடனே. மீதிப் பங்கு, கிணற்றை வெட்டி முடித்து, ஓவர்சியர் வந்து ஆழத்தையும் தண்ணீரையும் அளந்து, தன் புத்தகத்தில் கிணறு என்று எழுதிய பிறகு. மார்ச் மாதக் கடைசிக்குள் எழுதியாக வேண்டும். தவறினால் மீதி கிடையாது.

“அப்போ நீ ஏரு ஓட்டப் போறியா?” என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி.

“தண்ணி வரட்டும், ரயிலே ஓட்டறேன்” என்றேன். வாய்க்கொழுப்புக்கு என்னிடம் எப்போதும் குறைவில்லை.

மனு என் பெயரில் போனதற்குக் காரணம் உண்டு. சுரங்கத்தில் சம்பளம் வாங்குகிறவரை விவசாயி என்று ஏற்க மாட்டார்கள். அதனால் பட்டாவும் என் பெயரில், மனுவும் என் பெயரில். ஆனால் கிணறு வேண்டியிருந்தது அவருக்காக. என் கணவர் டிம்பர்மேன். உள்ளே பாறை சரிந்து விழாமல் கட்டை கொடுத்து நிறுத்துகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் கீழே சுவாசித்த தூசு நெஞ்சில் தங்கிவிட்டது. பங்காருப்பேட்டையில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இனி இவர் கீழே இறங்கவே கூடாது என்றார். இறங்கினால் எத்தனை வருஷம் இருப்பார் என்று நான் கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார்.

இவர் அதைச் சுரங்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. இருமலை அடக்கிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். வேலையை விட்டால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போக வேறு இடமில்லை. எங்களுக்குள் தினம் சண்டை. நான் கத்துவேன், அவர் சாப்பிடாமல் எழுந்து போவார், சாப்பிடாமல் போனதற்கு மறுபடி கத்துவேன். கடைசியில் ஒரு நாள் அவரே சொன்னார்.

“அந்த நெலத்துல தண்ணி வந்து, அது கெணறுன்னு கவர்மெண்டே எழுதிக் குடுக்கட்டும். மீதிப் பணத்துல பம்புசெட்டு, ஒரு ரூமு. எழுதிக் குடுத்த அன்னிக்கே வேலைய வுட்டுடறேன்.”

“புத்தர் படத்துக்கு முன்னாடி நின்னு சொல்லுங்க.”

“அது இன்னாத்துக்கு? நான் சொன்னா செய்ய மாட்டனா?”

செய்கிறவர்தான். அதனால்தான் அந்தக் கடிதத்தை நான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

கிணறு வெட்ட ஊர்ப்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம். “நம்மகிட்டயே ஆளு கீது, எதுக்கு வெளிய போவணும்?” என்றார் என் கணவர். சுரங்கத்தில் அவரோடு ஒரே லெவலில், ஒரே ஆழத்தில் வேலை பார்த்த நான்கு பேர் லீவு நாள்தோறும் வருவதாக ஒத்துக்கொண்டார்கள். மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறுவோம். அங்கிருந்துதான் வண்டி புறப்படும் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். பங்காருப்பேட்டையில் இறங்கி, பஸ் பிடித்துப் பூதிகோட்டை. கடப்பாரை, சம்மட்டி, கயிறு, ஒரு பெரிய டேக்சா நிறையச் சோறு, எல்லாம் எங்களோடு வரும். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் கடப்பாரைக்கு டிக்கெட் கேட்பார். ஒவ்வொரு தடவையும் நான் சண்டை போடுவேன். ஒரு தடவைகூட வாங்கவில்லை.

பூமிக்குள்ளே ஆயிரக்கணக்கான அடி இறங்கிப் பழகியவர்களுக்கு முப்பது அடி பெரிய விஷயமே இல்லை. “குனிஞ்சா பள்ளம், நிமிந்தா வானம். இத்தப் போயி வேலைன்றாங்க” என்று சிரித்தார்கள். ஆனால் வேலை நடந்த விதத்தில் விளையாட்டே கிடையாது. நீளம் எட்டடி, அகலம் ஆறடி என்று நூல் பிடித்து என் கணவர் ஒரு நீள்சதுரம் போட்டார். நாலடிக்கு ஒரு சட்டம், சவுக்குக் கட்டையில், நான்கு பக்கமும் அடித்து, அதற்குப் பின்னால் பலகை. கட்டை எல்லாம் காசு கொடுத்து வாங்கியது, கம்பெனிக் கட்டை ஒன்றுகூட இல்லை, யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு மூலையில் ஏணி. இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மறுமுனை மேலே இன்னொருவர் கையில். கயிற்றை ஒரு தடவை இழுத்தால் நில், இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் ஆள் மேலே வருகிறான். ஆபத்துக்கு அடிக்க ஒரு மணியும் கட்டிவிட்டார்கள்.

பாறை வந்ததும் என் கணவர் ஒரு கட்டளை போட்டார். ஈரம் பண்ணாமல் ஒரு அடிகூட அடிக்கக் கூடாது, தூசு என்பதே எழும்பக் கூடாது. ஊர்க் கிணற்றில் எங்கள் ஜனங்களைக் குடம் இறக்க விட மாட்டார்கள். அதனால் ஏரியிலிருந்து நான் தண்ணீர் சுமந்தேன், ஒரு நாளைக்குப் பத்து நடை, பன்னிரண்டு நடை. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் தெலுங்கில் கேட்டார், தண்ணீருக்காகத் தோண்டுகிறீர்களா, தோண்டுவதற்காகத் தண்ணீர் கொண்டுவருகிறீர்களா என்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த நடைக்குப் போனேன்.

கிணறு என்றால் வட்டமாக, அகலமாக, இறங்கப் படிக்கட்டோடு இருக்கும் என்பது எங்கள் ஆறு பேரில் ஒருவருக்குமே தோன்றவில்லை. போகிற வழியெல்லாம் அப்படிப்பட்ட கிணறுகள்தான் இருந்தன. பஸ் ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் போனோம்.

பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், ஆபத்து மணி அடித்தது. விடாமல் அடித்தது. கீழே இருந்தவர், “தண்ணி ஒடச்சிகிச்சு, ஏறு ஏறு” என்று அலறினார். மேலே இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்து அவரை அப்படியே தூக்கி வெளியே போட்டார்கள். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். எல்லோரும் தலைதெறிக்க ஓடினோம். சாலையோரப் புளியமரத்தடிக்கு வந்துதான் நின்றோம். ஒருவர் தலைகளை எண்ணினார். ஆறும் இருந்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. “இப்ப இன்னாத்துக்கு ஓடியாந்தோம்?” என்று கேட்டேன்.

எல்லோரும் திரும்பிக் குழி இருந்த பக்கம் பார்த்தார்கள்.

“தண்ணிக்குத்தானே தோண்டினோம்?”

சுரங்கத்தில் தண்ணீர் உடைத்துக்கொண்டால் ஓடுகிறவன்தான் பிழைப்பான். பல வருஷப் பழக்கம் அவர்கள் காலில் இருந்தது, மூளைக்கு அது எட்டவே இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வந்ததே சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. வந்ததைவிட வேகமாகத் திரும்பி ஓடினோம். விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆறு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தோம். மூலையில் பாறை வெடிப்பிலிருந்து கொப்பளித்துக்கொண்டு வந்தது. நான் சத்தம் போட்டு அழுதேன், வெட்கமே இல்லாமல் அழுதேன். அடுத்த இரண்டு ஞாயிறுகள் தண்ணீரை இறைத்து இறைத்து இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தி, கடைசிச் சட்டத்தையும் அடித்து முடித்தார்கள்.

ஓவர்சியர் மார்ச் நடுவில் சைக்கிளில் வந்தார். நடுத்தர வயது, இஸ்திரி போட்ட சட்டை, கேரியரில் குடை. முதலில் அவர் கண்ணில் பட்டது வெட்டிப் போட்ட கல் குவியல். அதில் வெள்ளைக் கல் நிறைய இருந்தது. தங்கவயலில் தங்கம் அப்படிப்பட்ட வெள்ளைக் கல்லில்தான் இருக்கும் என்பது கோலார்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழிக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போனார்.

“இது கிணறு இல்லை அம்மா, சுரங்கம். எத்தனை நாளாகத் தங்கம் தேடுகிறீர்கள்?” என்று கன்னடத்தில் கேட்டார்.

எனக்குக் கன்னடம் நன்றாக வரும். ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். “தங்கம் இருந்தா நான் இன்னாத்துக்கு சார் உங்ககிட்ட சப்சிடி கேக்கறேன்?” என்றேன்.

அவருக்குப் புரிந்தது. ஆனாலும் புத்தகத்தை மூடினார். கிணறு என்றால் வட்டமாக இருக்கும், தன் சர்வீசில் அளந்த கிணறெல்லாம் வட்டம், இதைக் கிணறு என்று எழுதினால் தன் வேலை போய்விடும் என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அன்று அந்தக் குடையைப் பிடுங்கி அவரையே அடிக்கலாம் போலிருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் என் கணவர் ஜன்னல் வழியாகத் தெரிந்த கிணறுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “அவரு சொல்றது சரிதான். நான் சொரங்கத்துக்கு எறங்கற சாஃப்ட்தான் வெட்டியிருக்கேன். எனுக்கு வேற இன்னா தெரியும்?” என்றார். மறுநாள் காலை எழுந்து ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி கூப்பிட்டு நிறுத்த என் கையில் ஒன்றும் இல்லை.

அவர் போனதும் கடிதத்தை எடுத்தேன். இத்தனை நாள் அதில் என் பெயரையும் ‘ரைத மகிளெ’யையும்தான் திரும்பத் திரும்பப் படித்திருந்தேன். கீழே நிபந்தனைகள் பொடி எழுத்தில் இருந்தன. ஆழம் முப்பது அடிக்குக் குறையக் கூடாது. தண்ணீர் நாலடிக்குக் குறையக் கூடாது. பக்கங்கள் சரியாதபடி பாதுகாப்பு வேண்டும். அவ்வளவுதான். வட்டம் என்று ஒரு சொல் இல்லை. பின்பக்கம் திருப்பினேன், அங்கேயும் இல்லை. உலையை இறக்கி வைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு ரயிலேறினேன்.

பிளாக் ஆபீசில் பெரிய அதிகாரியைப் பார்க்க மதியம் வரை காத்திருந்தேன். உள்ளே விட்டதும் கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்து, இந்த முறை கோபத்தை அடக்கிக்கொண்டு நல்ல கன்னடத்தில், “இதில் வட்டம் என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் ஐயா” என்றேன். அவர் படித்தார். மறுபடி படித்தார். ஓவர்சியரைக் கூப்பிட்டு, பக்கங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். நாலு பக்கமும் கட்டை அடித்திருக்கிறார்கள், அப்படி நான் எங்கும் பார்த்ததில்லை என்று ஓவர்சியர் உண்மையைச் சொன்னார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போய் அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தால் கிணறு என்று எழுதிவிடுங்கள்” என்றார்.

ஓவர்சியருக்கு ஒழிந்தது மாதத்தின் கடைசி வேலை நாளில்தான். அன்று வேலை நாள் என்பதால் நண்பர்கள் நான்கு பேரும் கீழே ஷிஃப்டில் இருந்தார்கள். என் கணவர் மட்டும் லீவு போட்டிருந்தார். ஓவர்சியர் டேப்பை எடுத்தார், ஏணியைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. “எனக்குத் தலை சுற்றும். யாராவது இறங்கி, டேப் முனையைத் தண்ணீருக்கு அடியில் வைத்துப் பிடியுங்கள்” என்றார்.

என் கணவர் கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றினார். அப்போதே இருமல் வந்துவிட்டது. சுரங்கத்திலாவது ஆளைத் தூக்கி வரக் கேஜ் என்ற இரும்புக் கூண்டு உண்டு. இங்கே முப்பத்து நாலடி ஏணி. இறங்கிவிடுவார், ஏறுவாரா என்று எனக்குச் சந்தேகம். அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி என் இடுப்பில் கட்டினேன்.

“வாணாம். பொம்பள சாஃப்ட்ல எறங்கக் கூடாது” என்றார்.

அது அவருடைய பிடிவாதம் மட்டும் இல்லை. தங்கவயலில் எந்தப் பெண்ணும் கீழே இறங்கியதில்லை. இந்த நிலத்திலும் அதே கட்டுப்பாடுதான். பட்டாதாரி நான், தண்ணீர் சுமந்தவள் நான், ஆனால் ஏணியில் ஒரு கால் வைக்கக்கூட அந்த ஐந்து பேரும் என்னை விட்டதில்லை. நானும் அதை மட்டும் எதிர்த்துக் கேட்டதில்லை.

ஓவர்சியர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். சாஃப்ட் என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது.

“இது சாஃப்டா, கெணறா?” என்றேன். “சார் முன்னாடி சொல்லுங்க. சாஃப்ட்னா நான் எறங்கல. சப்சிடியும் வாணாம். நாளைக்கு நீங்க ஷிஃப்டுக்குப் போங்க. கெணறுன்னா கயித்தப் புடிங்க.”

அவர் என்னைப் பார்த்தார். தன் கையால் நூல் பிடித்து வெட்டிய அந்த நீள்சதுரத்தைப் பார்த்தார். இருமல் வந்து அடங்கியது.

“கெணறு” என்றார்.

முடிச்சை அவிழ்த்து, தானே மறுபடி கட்டினார். ஒன்றுக்கு என்ன, இரண்டுக்கு என்ன, மூன்றுக்கு என்ன என்று குழந்தைக்குக் கேட்பதுபோல் கேட்டு, நான் சொன்ன பிறகுதான் விட்டார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். பயம் இருந்தது. ஆனால் அதைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. கட்டை வாசனை, ஈரம், சில்லென்ற காற்று. ஒவ்வொரு சட்டத்தையும் தாண்டும்போது கட்டையும் கட்டையும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தேன். நகம் நுழைய இடமில்லை. இந்தக் கை வேலைக்குத்தான் பதினெட்டு வருஷமாகச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பெருமை வந்தது.

தண்ணீர் தாடை வரை இருந்தது. டேப் முனையைக் காலால் பாறையில் அழுத்திக்கொண்டு, தண்ணீர் மட்டத்தில் இருந்த எண்ணைப் படித்தேன். “நாலே முக்கால் அடி” என்று கத்தினேன். ஓவர்சியர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னும் பத்துத் தடவைகூடச் சொல்லியிருப்பேன். மேலே நீள்சதுரமாக வெளிச்சம், அதில் என் கணவரின் தலை மட்டும். “கீறியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “கீறேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று தடவை கயிற்றை இழுத்துவிட்டு ஏற ஆரம்பித்தேன். கயிறு வழியெல்லாம் விறைப்பாகவே இருந்தது. பாதி தூரம் நான் ஏறினேனா, அவர் இழுத்தாரா தெரியாது.

வெளியே வந்ததும் சிரிப்பும் நடுக்கமுமாக, “நாலே முக்கால், கேட்டுச்சா?” என்றேன். ஓவர்சியர் முழங்காலில் புத்தகத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். கிணறு என்ற கன்னடச் சொல்லைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். என் கணவர் அதைப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“மேல நிக்கறது இவ்ளோ பயமா கீதே” என்றார். “பதினெட்டு வருஷம் நீ எப்பிடி நின்ன?”

புடவை முனையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓவர்சியர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகப் போனபோது, “சார், அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க. ஒரு காயிதமும் குடுங்க” என்றார் என் கணவர். கல் குவியல்மேல் உட்கார்ந்து, வேலையை விட்டு நின்றுகொள்வதாக எழுதத் தொடங்கினார். கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களுக்குப் பேனா பிடிபடவில்லை. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.